பழைய லொறி வாங்குமுன் முன்சில்லைப் பாருங்கள்

பழைய லொறி வாங்கப் போகும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது பெயின்டை. அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகை வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மீட்டரைப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குவார்கள். குனிந்து முன்சில்லுக்குப் பின்னால் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் கடைச் சாமான் ஏற்றுவதற்கு ஒரு பழைய கென்டர் வாங்கினேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மாதம், பாரத்துடன் கடுகண்ணாவை இறக்கத்தில் வரும்போது ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. சாரதி அனுபவசாலி என்பதால் ஓரமாக நிறுத்திவிட்டார். கராஜில் கழற்றிப் பார்த்தால் கிங்பின், புஷ், டை ரொட் எண்ட் எல்லாமே தேய்ந்து முடிந்திருந்தன. உதிரிப்பாகச் செலவை விட, லொறி நின்ற 9 நாட்களும் வாடகை லொறிக்குக் கொடுத்த காசுதான் அதிகம். அந்த வளைவில் சாரதிக்கு ஏதும் நடந்திருந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025இல்தான் மீண்டும் பரவலாக வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் இருந்த லொறிகளே மாறி மாறி ஓடின. எனவே அதிகம் ஓடிய வண்டிகள் சந்தைக்கு வருவது இயல்பு. மீட்டரைக் குறைத்து வைக்கலாம். தேய்மானத்தை மறைப்பது அவ்வளவு இலகுவல்ல.

முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலோ, வாள்பல் போலக் கையில் தட்டுப்பட்டாலோ அலைன்மன்ட் சரியில்லை. அதற்குக் காரணம் தேய்ந்த பாகங்களாக இருக்கலாம். முன்னால் இரண்டும் புத்தம் புதிய டயர் என்றால் உடனே மகிழ வேண்டாம். கழற்றிய டயரைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, சமதரையில் நிறுத்தி இரு பக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தகடு சோர்ந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும். யூ போல்ட்டைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அது இளகியிருக்கலாம். ஷாக் அப்சோபரில் எண்ணெய் வழிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஓடவிட்டு, சில்லு அசையும் வரை மெதுவாகத் திருப்புங்கள். 20 அங்குல ஸ்டியரிங்கின் விளிம்பு சும்மா 2 அங்குலத்துக்கு மேல் ஓடினால் பழுது இருக்கிறது. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்ட, மற்றவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஜொயின்டையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசையும் ஜொயின்ட் முடிந்துவிட்டது.

கடைசியாக, பின்சில்லுக்குக் கட்டை போட்டு, முன் எக்ஸலை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பெயாரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். பெயாரிங்கை இறுக்கியோ மாற்றியோ சமாளிக்கலாம். கிங்பின் வேலை அப்படியல்ல. அதற்குச் செலவும் நாளும் கூடும்.

ஜொயின்டுகளில் புதுக் கிறீஸ் அப்பியிருந்தால் பராமரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்தால் பாரம் ஏற்றியும் ஓட்டிப் பாருங்கள். வெறும் லொறியில் தெரியாத குறை பாரத்தில் தெரியும்.

இதற்கெல்லாம் ஒரு மணித்தியாலம் போதும். தரகர் அழைத்து வரும் மெக்கானிக்கை விட்டுவிட்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கண்ட குறைகளைத் துண்டில் எழுதி, திருத்தச் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். சோதிக்க விடாத விற்பனையாளர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு லொறி கிடைக்கும்.