எர்த்தா, இரட்டைக் காப்பா? குறியில்லாத மின்கருவியை எப்படிச் சோதிப்பது?

அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, டேபிள் விளக்கு, டிரில்லிங் மெஷின் என 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கருவிகள் ஷாக்கிலிருந்து நம்மைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வகையில், தொடக்கூடிய உலோகப் பகுதி எர்த்தோடு இணைந்திருக்கும். உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் எர்த் வழியே ஓடி, ஃபியூஸோ பிரேக்கரோ இணைப்பைத் துண்டிக்கும். இரண்டாம் வகைக்கு எர்த் தேவையில்லை. ஒரு காப்பு பழுதானாலும் இன்னொன்று தடுக்கும்படி இரட்டைக் காப்போ, அதற்கு நிகரான வலுவான காப்போ இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறிதான் இந்த வகையின் அடையாளம்.

அந்தக் குறி அழிந்துபோயிருந்தால் அல்லது அச்சிடப்படாமலே இருந்தால்? பலரும் பின்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது தவறு. மூன்று பின் பிளக்குக்குள் இரண்டே கம்பிகள் இருக்கலாம். பழுது பார்த்தபோது யாராவது டூ-பின் பிளக்கை மாட்டியிருக்கலாம். உடலைப் பார்த்தும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட அயர்ன் பாக்ஸின் அடித்தட்டுக்குப் பெரும்பாலும் எர்த் வேண்டும். உலோக உடல் கொண்ட சில டிரில்களோ இரட்டைக் காப்பு உள்ளவை.

பணியிடக் கருவிகளை முறையாகச் சோதிக்கும் வழக்கம் பரவலாக உள்ள பிரிட்டனில், சோதனையாளர்கள் பின்பற்றும் விதி எளியது: சந்தேகம் இருந்தால் முதல் வகை என்றே கொள். அதாவது, வெளியே தெரியும் உலோகத்துக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே உள்ள மின்தடை, வயரின் தடை போக 0.1 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு கருவியின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, காப்பின் தடையை அளக்கும் மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட்டில் காப்பை அளப்பார்கள். பொதுவாக முதல் வகைக்குக் குறைந்தது 1 மெகா ஓம், இரண்டாம் வகைக்கு 2 மெகா ஓம் வர வேண்டும். மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் பாகம் உள்ள கருவிகளில் 500 வோல்ட் பொய்யான அளவைக் காட்டலாம் என்பதால் 250 வோல்ட்டில் அளப்பார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். மெக்கர் நல்ல அளவு காட்டினால், அதை வைத்துக் கருவி இரட்டைக் காப்பு உள்ளது என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு காப்பு நல்ல நிலையில் இருந்தாலும் மெக்கர் அதே அளவைக் காட்டும். காப்பு இன்றைக்குப் பழுதாகவில்லை என்பதையே மெக்கர் சொல்கிறது. நாளை அது கெட்டால் தடுக்க இன்னொன்று உண்டா என்பதைக் குறியும், தயாரிப்பாளரின் கையேடும், கருவியின் கட்டமைப்பும்தான் சொல்லும்.

ஆகவே உலோகப் பகுதி வெளியே தெரிய, குறியும் இல்லாமல், வயரில் இரண்டே கம்பிகள் இருந்தால், அந்தக் கருவி தேறவில்லை என்று ஒதுக்குவதே முறை. மூன்று கம்பி வயர் மாற்றி எர்த் கொடுக்க இயலுமா என்பதைத் தேர்ந்த எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: பிளக்கைக் கழற்றிவிட்டு, வயரில் வெடிப்பு உண்டா, எர்த் பின் உடைந்திருக்கிறதா, சதுரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் தேவைப்படும் கருவியை டூ-பின் அடாப்டரில் செருகாதீர்கள். வீட்டு இணைப்பில், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திக்கொள்ளுங்கள்.