கெண்டைக்கால் வலியோடு ஓடச் சொல்லலாமா?

நான் அறிவியல் ஆசிரியர். உடற்கல்வி ஆசிரியர் நீண்ட விடுப்பில் சென்றதால், குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்தது. மழையில் மைதானம் சேறாகிவிட, பள்ளிக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலையில் காலைப் பயிற்சியைத் தொடங்கினோம். போட்டிக்கு இரண்டு வாரமே இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர்களை ஒரே வாரத்தில் மூன்று கிலோமீட்டர் ஓட வைத்தேன்.

ஐந்தாம் நாள், 800 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "ஆடுசதை பிடிச்சிருக்கு டீச்சர்" என்றாள். "ஓட ஓடச் சரியாயிடும்மா" என்றேன். சற்று தூரம் போனவள், யாரோ கல்லால் அடித்ததுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்படியே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நரம்பு சுருண்டிருக்கும் என்று நாங்கள் தைலம் தேய்த்து அழுத்தி நீவிவிட்டோம். மாலையில் வீட்டிலும் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள். மறுநாள் கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தசைநார்கள் கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். போட்டிக்கு அவள் வரவில்லை.

நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன. மேலே உருண்டு தெரியும் தசை முழங்காலுக்கு மேலிருந்தே தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரே நாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன. ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைத் தாங்குவதும் முன்னே தள்ளுவதும் இவைதான். முன்பாதத்தை ஊன்றி ஓடுபவர்களுக்கும் மேட்டில் ஏறி ஓடுபவர்களுக்கும் சுமை இன்னும் கூடும். தூரத்தைத் திடீரென்று கூட்டினால் முதலில் முறையிடுவது இந்தத் தசைகளே. அந்த முறையீட்டைத்தான் நான் கேட்காமல் விட்டேன்.

எல்லா வலியும் ஒன்றல்ல. தசை கல்போல் இறுகி, சில நிமிடங்களில் விட்டுவிட்டால் அது தசைப்பிடிப்பு. களைத்த தசையில் இது வரும். மாணவரை உட்கார வைத்து, முழங்காலை நீட்டி, கால்விரல்களை அவரை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடித்தால் போதும். ஓடிய மறுநாள் இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும் வலி, பழகாத தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் குறையும். ஒரே காலில், ஓர் இடத்தில், சுரீரென்று வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. அப்போது நீவக் கூடாது, இழுக்கக் கூடாது, சூடும் வைக்கக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். நுனிக்காலில் நிற்க முடியாவிட்டாலோ, வீக்கமோ நீலமோ தெரிந்தாலோ மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

வகுப்பாசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சளிக் காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கு வரும் சிறு பிள்ளைகள் சிலர், ஓடாமலேயே இரண்டு கெண்டைக்கால்களும் வலிக்கிறது என்று நடக்க மறுப்பார்கள். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும் என்றாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர் கருமையாகப் போனால் அன்றே காட்ட வேண்டும்.

இப்போது எங்கள் பயிற்சி ஐந்து நிமிட வேக நடையில் தொடங்குகிறது. தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறோம். ஓடி முடித்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நிற்கிறார்கள்: முதலில் முழங்காலை நீட்டி, பிறகு மடக்கி. மடக்கினால்தான் அடித்தசைக்கு இழுப்புக் கிடைக்கும். வாரம் மூன்று நாள் வராண்டாப் படியில் நுனிக்காலில் ஏறி இறங்குகிறார்கள். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை.

அந்த மாணவி பள்ளி விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓடியே தீருவேன் என்கிறாள். நடந்தால் வலி இல்லை. ஒற்றைக் காலில் நுனிக்காலூன்றி எழும் பயிற்சியில் வலது காலுக்கு இருபத்திரண்டு வருகிறது, இடதுக்குப் பதினாறுதான். இரண்டும் சமமாகும் வரை அவள் பெயரைப் பட்டியலில் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.