சோளன் குருத்தைக் காப்போம்

சகோதரிகளே, எனது வீட்டுத்தோட்டத்து இனிப்புச் சோளன் பிள்ளைகளுக்கு உணவு. மிஞ்சுவது யாழ்ப்பாணச் சந்தைக்கு. ஆகையால் நஞ்சு தெளிக்காமலே அதைக் காக்கிறேன்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆபிரிக்காவுக்கும், 2018இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பரவிய 'சேனா' படைப்புழுவே பெரும் எதிரி. தலையில் தலைகீழான கவட்டை போன்ற வெளிர்கோடும், வால்பக்கம் சதுரமாய் நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். பகலில் குருத்துக்குள் ஒளிந்திருக்கும்.

முளைத்தது முதல் காலைதோறும் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பஞ்சு மூடியதுபோன்ற முட்டைக் கூட்டத்தை உடனே நசுக்குங்கள். சில நாட்களில் பொரித்துவிடும். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் கண்டால், புழுவைப் பொறுக்கிவிட்டுச் சிறிது சாம்பலோ மணலோ இடுங்கள். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, 1 லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள்.

அறுவடைக்குப் பின் மண்ணைக் கொத்திக் காயவிட்டால் கூட்டுப்புழுக்கள் அழியும். கதிருக்குள் புழு புகுந்தபின் காப்பது கடினம், குருத்திலேயே தடுப்போம்.