கட்டத்துக்குள் அடங்காத மேகங்கள்

டீ சூடாக இருக்கும்போதே தம்ளருக்கு மேலே பாருங்கள். எழும் ஆவி ஒரு சாண் உயரம் போவதற்குள் காணாமல் போகிறது. நாம் ஆவி என்று சொல்வது உண்மையில் நுண்ணிய நீர்த்துளிகள். பக்கத்திலிருந்து உலர்ந்த காற்று புகுந்து கலக்க, துளிகள் காய்ந்துவிடுகின்றன. வானத்தில் மேகத்தின் விளிம்பிலும் இதேதான் நடக்கிறது. பூமி எவ்வளவு சூடாகும் என்ற கேள்வியில் இந்தக் கலப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால், பூமியின் சராசரி வெப்பநிலை கடைசியில் எத்தனை டிகிரி உயரும்? அந்த எண்ணைத்தான் காலநிலை உணர்திறன் என்கிறார்கள். 1979இல் ஜூல் சார்னி தலைமையில் கூடிய அமெரிக்க அறிவியலாளர் குழு 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையையொட்டி ஓட்டப்பட்ட கணினி மாதிரிகள் 1.8இல் தொடங்கி 5.6 வரை சொல்லின. கணினிகள் எத்தனையோ மடங்கு வேகம் பெற்ற பிறகும் மாதிரிகளுக்குள் ஒத்த கருத்து வரவில்லை.

காரணம் மாதிரியின் அமைப்பிலேயே இருக்கிறது. காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கி.மீ. அளவில் இருக்கும், பார்படோஸ் தீவைப் போல இருபது தீவுகள் அதற்குள் அடங்கும். அந்தத் தீவுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் மேல் வணிகக் காற்றில் மிதந்து வரும் திரள் மேகமோ ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. கட்டம் முழுவதற்கும் ஒரே ஈரப்பதம், ஒரே வெப்பநிலை. தனி மேகம் அதன் கணக்கில் வராது. ஆகவே, இவ்வளவு ஈரம் இருந்தால் இவ்வளவு மேகம், இவ்வளவு கலப்பு என்று தனியே ஒரு சூத்திரம் எழுதிச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்தின் சூத்திரமும் வேறு.

அதில் சில எண்களை அசைத்தால் என்ன ஆகும் என்று 2005இல் ஒரு பிரிட்டிஷ் குழு காட்டியது. ஒரே மாதிரியை, பொதுமக்களின் வீட்டுக் கணினிகளில், எண்களை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டினார்கள். விடை 2 டிகிரிக்குக் கீழிருந்து 11 டிகிரிக்கு மேல் வரை போனது. மேகத்துக்குள் வெளிக்காற்று எவ்வளவு புகுகிறது என்ற எண்தான் அதில் முக்கியமான ஒன்று.

வணிகக் காற்று மேகங்களைப் பற்றி ஒரு பயமும் இருந்தது. பூமி சூடாகும்போது கலப்பு கூடும். மேலேயுள்ள உலர்ந்த காற்று கீழே இறங்கி மேகத்தின் அடிப்பகுதியைக் காயவைக்கும். மேகம் குறைந்தால் வெயில் நேரே கடலில் விழும். வெப்பம் இன்னும் ஏறும். பல மாதிரிகளில் இப்படித்தான் நடந்தது. கடலின் மேலும் இது நடக்கிறதா என்று பார்க்க 2020 ஜனவரி, பிப்ரவரியில் விமானங்களும் கப்பல்களும் பார்படோஸுக்குப் போயின. ஜெர்மன் விமானம் சுமார் 10 கி.மீ. உயரத்தில் வட்டமடித்து, காற்றின் ஈரத்தையும் வேகத்தையும் அளக்கும் சிறு கருவிகளைக் கீழே போட்டுக்கொண்டே போனது. பிரெஞ்சு விமானம் மேகத்தின் அடிமட்டத்திலேயே பறந்து, பக்கவாட்டில் ரேடாரும் லேசரும் செலுத்தி, எத்தனை மேகம் என்று அளந்தது.

2022இல் ராஃபேலா ஃபோகலும் அவர் குழுவினரும் வெளியிட்ட முடிவு அந்தப் பயத்துக்கு நேர்மாறானது. கலப்பு பலமாக இருந்த இடங்களில் மேகம் குறையவில்லை, கூடியிருந்தது. கலப்பைத் தூண்டும் மேலெழு காற்றே ஈரத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த மேகங்கள் வெப்பத்தைப் பெரிதாகப் பெருக்கும் என்று சொன்ன மாதிரிகள் இந்தச் சோதனையில் தேறவில்லை.

எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மாதிரிகள் முரண்படுகின்றனவே, பொறுத்திருந்து பார்க்கலாம் என்று பேசுகிறவர்களுக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை. பழங்காலத் தட்பவெப்பச் சான்றுகள், அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஐபிசிசி 2021இல் தந்த மதிப்பீடு 3 டிகிரி, பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் இடையில். 2 டிகிரிக்குக் கீழே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு சில கிலோமீட்டர் கட்டத்தில் உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரிகள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஓடத் தொடங்கிவிட்டன. பெரிய இடிமழை மேகங்கள் அவற்றில் தெரிகின்றன. மேகத்தின் விளிம்பில் நடக்கும் கலப்பு மட்டும் அங்கேயும் சூத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தச் சூத்திரம் சரியா என்று பார்க்க இன்னும் பல கடல்களின் மேல் விமானங்கள் பறந்தாக வேண்டும்.