வள்ளைப் பூவா? நெய்வேலி காட்டாமணக்குப் பூவா?



மழை பெய்து ஏரியில் தண்ணீர் நின்றால் கரையோரம் ஊதா நிறத்தில் பூ பூத்துக் கிடக்கும். பார்க்க ரேடியோ குழாய் மாதிரி இருக்கும். அதில் ஒன்று நாம் சாப்பிடும் வள்ளைக்கீரை. இன்னொன்று விஷச்செடியான நெய்வேலி காட்டாமணக்கு. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இந்த இரண்டும் ஒரே இனம். அதனால்தான் பூ எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கு. கீரை பறிக்கப் போறவங்களும் ஆடு மேய்க்கிறவங்களும் வித்தியாசம் தெரிஞ்சிக்கணும்.

அடையாளங்கள்:

1. நிற்கும் விதம்: வள்ளை கொடி. தண்ணீர் மேல் மிதக்கும், சேற்றில் படரும். காட்டாமணக்கு புதர். குச்சி குச்சியாக நேராக நிற்கும், ஆள் உயரத்துக்கு மேலேயும் வளரும்.

2. பூ: வள்ளைப் பூ சின்னது, இரண்டு மூன்று விரல் அகலம். வெள்ளை அல்லது வெளிர் ஊதா, நடுக்குழியில் ஊதா அடர்த்தியாக இருக்கும். காட்டாமணக்குப் பூ பெரியது, ரோஸ் கலந்த ஊதா, கொத்தாகப் பூக்கும்.

3. இலை: வள்ளை இலை பெரும்பாலும் அம்பு முனை மாதிரி நீளமாக இருக்கும். காட்டாமணக்கு இலை அகலமாக, அரச இலை மாதிரி நுனி நீண்டிருக்கும்.

4. தண்டு: வள்ளைத் தண்டு பச்சையாக, ஒடித்தால் பட்டென்று ஒடியும். உள்ளே ஓட்டை இருக்கும். அதனால்தான் மிதக்குது. கணுவுக்குக் கணு வேர் விடும். காட்டாமணக்கின் அடித்தண்டு விறகு மாதிரி கெட்டி. ஆனால் அதன் முற்றின குச்சியிலும் ஓட்டை இருக்கும். ஆகவே ஓட்டையை மட்டும் பார்த்து நம்பிடாதீங்க!

நான்கு அடையாளமும் சேர்ந்து இருந்தால்தான் பறிக்கணும். ஒன்று இடித்தாலும் பெரியவங்க கிட்ட காட்டணும். "சந்தேகம் வந்த கீரையைச் சட்டியில போடாதே"ன்னு எங்க ஆயா சொல்லும்.

காட்டாமணக்கு நம்ம நாட்டுச் செடி இல்லை, தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு இருக்கிறது. பசும்புல் இருக்கும்போது ஆடு அதைத் தொடாது. நம்ம தருமபுரி மாவட்டத்தில் கோடையில் புல் காய்ந்துவிடும். அப்போது பசிக்குத் தின்னும். வாரக்கணக்கில் தின்றால் ஆடு இளைத்துப் போகும், தலை ஆடும், கால் தள்ளாடும். பழகிவிட்டால் அதையே தேடித் தின்னும். ஆகவே கோடையில் அந்தப் புதர் பக்கம் ஆட்டை விடாதீங்க.

வள்ளையைப் பறிப்பதிலும் கவனம் வேணும். சாக்கடை, சாயத்தண்ணி கலக்கும் இடத்தில் பறிக்கக் கூடாது. தண்ணீரில் உள்ள கெட்ட உலோகங்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பச்சையாகவும் தின்னக் கூடாது. இலையில் ஒட்டியிருக்கும் புழு முட்டைகள் வயிற்றுக்குள் போகும். நன்றாக அலசி வேகவைத்தால் பயமில்லை. இளந்தண்டையும் இலையையும் பருப்போடு கடைந்தால் கேழ்வரகுக் களிக்கு அருமையாக இருக்கும். இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் கிடைக்கும்.

மலேசியா, சிங்கப்பூரில் இதே கீரையைக் கங்கோங் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்காவிலோ இதைக் கெட்ட களை என்று அரசாங்கப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம்ம ஏரியில் அது இலவசம்!

பூவைப் பார்த்து மயங்காதே! தண்டு, இலை பார்த்துப் பறி!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மொரப்பூர்.