ஓடும் ரயிலில் ஏறிய தபால் பை!

நள்ளிரவு. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ரயில் பாதை ஓரத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. கம்பத்தில் ஒரு பை தொங்குகிறது.

தூரத்தில் ரயில் வருகிறது. மணிக்கு 60 மைல் வேகம். அந்த ஊரில் அது நிற்காது.

தபால் வண்டி கம்பத்தைத் தாண்டுகிறது. “தடார்” என்று ஒரு சத்தம். ரயில் போய்விட்டது. கம்பத்தில் பையைக் காணோம்! பை ரயிலுக்குள் இருக்கிறது.

அதே நொடியில் ரயிலிலிருந்து இன்னொரு பை வெளியே வந்து விழுந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு வந்த கடிதங்கள் அதில் இருக்கின்றன.

சுமார் 100 ஆண்டுகள் அமெரிக்காவில் இப்படித்தான் ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்குத் தபால் போயிற்று. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ரயிலில் ஓர் இரும்புக் கை இருந்தது. ஆனால் கை மட்டும் இருந்தால் போதுமா? அந்தக் கைக்கு ஏற்ற பையும் வேண்டுமே!

இடுப்பு உள்ள பை

சாதாரண சாக்குப் பை ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? இரும்புக் கை வந்து மோதியதும் பை கிழியும். அல்லது வழுக்கிக்கொண்டு கீழே விழும். சக்கரத்தில் சிக்கினால் கடிதங்கள் சுக்குநூறாகிக் காற்றில் பறக்கும்.

அதனால் இதற்கென்றே தனிப் பை தைத்தார்கள். கெட்டியான கித்தான் துணி. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். இரண்டு வளையங்களையும் கம்பத்தின் இரண்டு கொக்கிகளில் மாட்டுவார்கள். பை விறைப்பாக நிற்கும்.

பையின் நடுவில் ஒரு வார் உண்டு. கடிதங்களை இரண்டு பங்காகப் பிரித்து, பாதியை மேலே தள்ளி, பாதியைக் கீழே தள்ளி, நடுவில் வாரை இறுக்கிக் கட்டுவார்கள். பைக்கு உடுக்கை போல ஓர் இடுப்பு வந்துவிடும்.

இரும்புக் கை வந்து பிடிப்பது அந்த இடுப்பைத்தான். பிடித்த பிறகு பை மேலேயும் நழுவ முடியாது, கீழேயும் நழுவ முடியாது. இரண்டு பக்கமும் கடிதக் கட்டுகள் தடுத்துக்கொள்ளும். கடிதத்தின் கனமே பையைக் காப்பாற்றியது!

இந்த இரும்புக் கைக்கு 1867-ல் வார்டு என்பவர் உரிமை வாங்கினார். தபால் குமாஸ்தா வண்டியின் வாசலில் நின்று, சரியான நேரத்தில் அந்தக் கையை வெளியே நீட்ட வேண்டும். சீக்கிரம் நீட்டினால் வழியில் உள்ள வேறு கம்பத்தில் இடிக்கும். தாமதித்தால் பை போய்விடும். பிடிக்கத் தவறினால் குமாஸ்தாவின் பெயருக்கு நேரே குறைப்புள்ளி விழும்.

பகலில் கண்ணால் பார்க்கலாம். இரவில்? காதுதான் துணை. பாலத்தின் மேல் ரயில் போகும் ஓசை, வளைவில் வண்டி சாய்வது இவற்றை வைத்தே ஊர் வருகிறது என்று கண்டுகொள்வார்கள். ஒரு கை நெம்புகோலில் இருக்கும். ஒரு கால் வெளியே தள்ள வேண்டிய பையின் மேல் இருக்கும். புழுதியும் கரித்தூளும் கண்ணில் அடிக்கும். காயம் பட்டவர்களும் உண்டு.

பையை எட்டி உதைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். மெதுவாக உதைத்தால் ரயிலின் காற்று அதைச் சக்கரத்தின் பக்கம் இழுத்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? ரயில் ஒவ்வோர் ஊரிலும் நின்றால் பெரிய நகரங்களின் தபால் தாமதமாகும். நிற்காமலே போனால் சின்ன ஊர்களுக்குத் தபாலே இல்லை. இரண்டு பக்கத்தாரின் சண்டையையும் இந்த இடுப்பு வார் தீர்த்து வைத்தது என்று சொல்லலாம்.

மேலே உட்காரும் பை

ரயில் மேற்குக் கோடி வரை போகாத காலத்தில் குதிரைதான். 1860-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, மிசூரி மாநிலத்தில் உள்ள செயிண்ட் ஜோசப் நகரிலிருந்து குதிரைத் தபால் புறப்பட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் கலிபோர்னியாவில் உள்ள சாக்ரமென்டோ. ஏறக்குறைய 1,900 மைல். பத்தே நாளில் போக வேண்டும்!

10 அல்லது 15 மைலுக்கு ஒரு தடவை குதிரை மாறும். ஒவ்வொரு தடவையும் பையை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தால் 10 நாளில் எப்படிப் போவது?

அவர்கள் செய்த யுக்தியைப் பாருங்கள். ஒரு பெரிய தோல் விரிப்பு. அதில் சேணத்தின் மேடுகள் நுழைவதற்கு ஓட்டைகள். நான்கு மூலைகளிலும் நான்கு தோல் பெட்டிகள். இதற்கு ‘மொச்சிலா’ என்று பெயர். இது ஸ்பானிய மொழிச் சொல்.

விரிப்பைச் சேணத்தின் மேல் தூக்கிப் போட்டால் போதும். கயிறு வேண்டாம், கொக்கி வேண்டாம். குதிரைக்காரர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய கனமே பையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவர் இறங்கினால்தான் பை வரும்!

குதிரை மாற்ற 2 நிமிஷம் அனுமதி. ஓடிவந்த குதிரையிலிருந்து விரிப்பை உருவி, அடுத்த குதிரையின் மேல் வீச வேண்டியதுதான்.

நான்கு பெட்டிகளில் மூன்றுக்குப் பூட்டு உண்டு. அவற்றை வழியில் எல்லோரும் திறக்க முடியாது. நான்காவது பெட்டி வழித் தபாலுக்கு. குதிரைக்காரர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று குறிக்கும் அட்டையும் அதில்தான் இருக்கும்.

பையின் மொத்தத் தபால் சுமார் 20 ராத்தல், அதாவது 9 கிலோதான். இடம் கொஞ்சம், கூலி அதிகம். ஆரம்பத்தில் அரை அவுன்சு கடிதத்துக்கு 5 டாலர். அதனால் மெல்லிய காகிதத்தில் பொடி எழுத்தில் எழுதினார்கள். நனையாமலிருக்க எண்ணெய்ப் பட்டில் சுற்றினார்கள்.

1861 அக்டோபரில் தந்திக் கம்பி நாட்டின் இரு கரைகளையும் இணைத்தது. குதிரைத் தபால் ஒன்றரை ஆண்டில் முடிந்தது. மொச்சிலா மட்டும் இன்றும் படங்களில் இருக்கிறது.

வாய் திறந்த பைகள்

அதே செயிண்ட் ஜோசப் ஊரில் இன்னொரு தொல்லை இருந்தது. கிழக்கே இருந்து தபால் மூட்டைகள் ரயிலில் வந்து குவியும். அவற்றைப் பிரிப்பதற்குள் மேற்கே போகும் கோச்சு வண்டி காத்துக் கிடக்கும்.

அந்த ஊர் உதவித் தபால் அதிகாரி வில்லியம் டேவிஸ், “ரயில் ஓடும்போதே பிரித்தால் என்ன?” என்று யோசித்தார். 1862 ஜூலையில் ஒரு வண்டியில் அதைச் செய்தும் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 1864 ஆகஸ்டு 28-ந் தேதி, சிகாகோவிலிருந்து கிளிண்டன் ஊருக்கு முறையான ரயில் தபால் நிலையமே ஓட ஆரம்பித்தது. நம்மூர் ஆர்.எம்.எஸ். வண்டியைப் போலத்தான். இங்கிலாந்தில் இதற்கு முன்பே, 1838-ல், குதிரை ஏற்றும் வண்டி ஒன்றைத் திருத்தி இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஓடும் வண்டியில் பிரிப்பது லேசான காரியமா? வண்டி ஆடுகிறது. இடம் குறுகல். ஒரு கையில் கடிதம், ஒரு கையில் பையின் வாய். பையைப் பிடிக்கவே ஓர் ஆள் வேண்டும் போலிருந்தது.

1879-ல் பாண்டு லாக் என்ற ஊரைச் சேர்ந்த ரயில் தபால் குமாஸ்தா ஹாரிசன் ஒரு வழி சொன்னார். இரும்புச் சட்டங்களில் பைகளை வாய் திறந்தபடி வரிசையாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு பைக்கும் ஓர் ஊர்ச் சீட்டு. நடுவில் நிற்கும் குமாஸ்தா, ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகளை வீசிக்கொண்டே போகலாம். இரண்டு கையும் காலி!

வேலை முடிந்ததும் சட்டங்களை மடித்துச் சுவரோடு சேர்த்துவிடலாம். மூட்டை அடுக்க இடம் கிடைக்கும். அந்த வேலையைத் தானே செய்து கஷ்டப்பட்டவருக்குத்தான் இந்த யோசனை வந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரிகளுக்கு வரவில்லை.

பைகளிலும் இரண்டு ஜாதி உண்டு. கடிதங்கள் போகும் பைக்குப் பூட்டு. செய்தித்தாளும் மற்றச் சாமான்களும் போகும் சாக்குக்குக் கயிறு மட்டும். பூட்டைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும்.

பையை விரும்பிய நாய்

நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனி தபால் ஆபீசில் ஒரு நாய் இருந்தது. பெயர் ஓனி. 1880-களின் கடைசியில் அது அங்கே வந்து சேர்ந்தது.

தபால் பை என்றால் அதற்கு உயிர். பையின் மேல்தான் தூங்கும். பை வண்டியில் ஏறினால் தானும் ஏறும். பை ரயிலில் போனால் தானும் போகும்! போகும் ஊரில் எல்லாம் தபால்காரர்கள் அதன் கழுத்தில் ஒரு வில்லையை மாட்டிவிட்டார்கள். வில்லைகளின் பாரம் தாங்காமல் நாய் தவித்தது. அப்போதைய தபால் மந்திரி வானமேக்கர், வில்லைகளைக் குத்திக்கொள்ள அதற்கு ஒரு சட்டையே தைத்துக் கொடுத்தார்.

1895-ல் ஓனி தபால் பைகளோடு கப்பலேறி உலகத்தையே சுற்றி வந்தது. 1897-ல் இறந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி, வாஷிங்டனில் தேசியத் தபால் அருங்காட்சி சாலையில் வைத்திருக்கிறார்கள்.

திருடனுக்கும் வசதி

தூக்குவதற்கு வசதியான பை, திருடுவதற்கும் வசதியான பை. இதை இங்கிலாந்து கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது.

1963 ஆகஸ்டு 8-ந் தேதி விடியற்காலை. கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வந்த தபால் ரயிலை ஒரு கூட்டம் பொய் சிக்னல் காட்டி நிறுத்தியது. டிரைவரைத் தலையில் அடித்தது. பணப் பைகள் இருந்த வண்டியைக் கொள்ளையடித்தது. திருடர்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, 120 பைகளைப் பாலத்தின் அடியில் நின்ற லாரியில் ஏற்றிவிட்டார்கள். போன பணம் 26 லட்சம் பவுன்!

தோளில் ஏறிய பாரம்

ரயிலும் கப்பலும் எத்தனை மைல் சுமந்தாலும், கடைசி ஒரு மைலைச் சுமப்பது தபால்காரரின் தோள்தான்.

அமெரிக்காவில் தபால்காரர் தோளில் போடும் பையில் 35 ராத்தலுக்கு மேல் கூடாது என்று விதி. அதாவது சுமார் 16 கிலோ. ஒரு நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பதற்குச் சமம் என்று வீட்டில் இருக்கும் தாய்மார்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பாரம் மட்டுமா குற்றம்? அது எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். ஒற்றை வார்ப் பை ஒரு தோளில்தான் தொங்கும். உடம்பு விழாமலிருக்க முதுகு எதிர்ப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்துத் தசை நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாலையில் பை காலியாகும். வலி மட்டும் வீட்டுக்கு வரும்.

இதற்கு மாற்றாக, இரண்டு பக்கமும் பை, இரண்டு தோளிலும் வார், இடுப்பில் ஒரு பட்டை என்று புதுமாதிரிப் பைகளைத் தைத்து ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தார்கள். பாரத்தில் ஒரு பகுதியை இடுப்பெலும்பு தாங்கிக்கொண்டால் தோளுக்கும் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கிறது. தலைச்சுமையைச் சும்மாட்டோடு நேராகச் சுமக்கும் பெண்களுக்கு இந்த உண்மை புதிதல்ல.

பல ஊர்களில் இப்போது தள்ளுவண்டி வந்துவிட்டது. தோல் பை போய்க் கித்தான் பையும், நைலான் பையும் வந்துவிட்டன.

கடிதம் பிரிக்கும் இடத்தில் பைக்கே வேலை குறைந்துவிட்டது. காரணம் இயந்திரம். இயந்திரத்துக்குக் கடிதங்கள் ஒரே முகமாக, நேராக நிற்க வேண்டும். பைக்குள் போட்டால் குலுங்கி, மடங்கி, கலைந்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் தட்டுகளில் வரிசையாக அடுக்குகிறார்கள்.

ஓடும் ரயிலில் பை பிடிக்கும் வேலை இங்கிலாந்தில் 1971-ல் நின்றது. அமெரிக்காவின் கடைசி ரயில் தபால் நிலையம் 1977 ஜூன் 30-ந் தேதி நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே ஓடி ஓய்ந்தது.

ஆனாலும் பை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு பழைய வழக்கம் மாறவில்லை. காலியான பையை அப்படியே மடித்துப் போடக் கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறிப் பார்க்க வேண்டும். அடித் தையலின் மூலையில் ஒரு தபால் கார்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.