கட்டிடம் இடிபடும்போது மொட்டை மாடி யாருக்கு?

வியாபார விடயமாக மும்பை போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு தடவை போனபோது நான்கு மாடிக் கட்டிடமாக நின்றது, அடுத்த தடவை தகரம் அடித்த வெற்றுக் காணியாகக் கிடக்கும். சில வருடங்களில் அதே இடத்தில் இருபது மாடி எழும்பியிருக்கும். பழைய வீட்டுக்காரர்கள் கட்டுமானச் செலவு கொடுக்காமலே பெரிய புது வீடு பெறுகிறார்கள். மேலதிகமாகக் கட்டும் வீடுகளை விற்று பில்டர் தனது செலவையும் இலாபத்தையும் எடுத்துக் கொள்கிறார். இதைத்தான் அங்கே 'ரீடெவலப்மென்ட்' என்கிறார்கள். நாம் மீள் அபிவிருத்தி என்று சொல்லலாம்.

எல்லோருக்கும் இலாபமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டில், வீட்டுக்காரரையும் சங்கத்தையும் மோத வைக்கும் விடயங்களில் ஒன்று மொட்டை மாடி. கூட்டாகச் சொத்து வைத்திருக்கும் எவருக்கும் இதில் பாடம் இருப்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சங்கத்தின் இடம்

மும்பையில் ஏராளமான தொடர்மாடிகள் கூட்டுறவு வீடமைப்புச் சங்கங்களின் கையில் இருக்கின்றன. இவை 1960 ஆம் ஆண்டின் மகாராஷ்டிர கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவை. வீடு கட்டி விற்பவரைக் கட்டுப்படுத்த 1963 இல் இன்னொரு சட்டம் வந்தது. அதைச் சுருக்கமாக 'மோஃபா' என்பார்கள். வீடுகளை விற்ற பின் சங்கத்தை அமைத்து, காணியையும் கட்டிடத்தையும் சங்கத்தின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுப்பது பில்டரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பலர் எழுதிக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அதனால் 2008 இல் சட்டம் திருத்தப்பட்டு, பில்டர் வராவிட்டாலும் அரச அதிகாரி மூலம் சங்கம் தன் பெயருக்கு உரிமையை மாற்றிக் கொள்ள வழி செய்யப்பட்டது.

இந்த உறுதி இல்லாத சங்கம் பேரம் பேச உட்காரும்போது பலவீனமாகவே உட்காருகிறது. பழைய பில்டரோ காணிச் சொந்தக்காரரோ வந்து, "மேலே கட்டும் உரிமை இன்னும் என்னிடம்தான்" என்று வாதாட இடம் கிடைத்து விடுகிறது.

மொட்டை மாடி இரண்டு வகை

முதலாவது, கட்டிடத்தின் உச்சியில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது. தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை எல்லாம் அங்கேதான் இருக்கும். இது எல்லோருக்கும் பொது. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கோ விளம்பரப் பலகைக்கோ வாடகை வந்தால் அது சங்கத்தின் கணக்கில் சேர வேண்டும். மழைக்கு ஒழுகினால் திருத்துவதும் சங்கத்தின் செலவே.

இரண்டாவது, ஒரு வீட்டின் முன்னாலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் திறந்த மாடி. மோஃபா விதிகளோடு வந்த மாதிரி ஒப்பந்தத்திலேயே, இப்படிப்பட்ட மாடி அந்த வீட்டை வாங்கியவரின் தனிப் பாவனைக்கு உரியது என்று ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் அதை மூடிக் கட்டக் கூடாது என்றும் அதே வாசகம் சொல்கிறது.

சண்டை வருவது இந்த இரண்டையும் கலந்து விடுவதால்தான். உச்சி மாடியில் வீடு வாங்கியவர் மேலே உள்ள பொது மாடியையும் வருடக் கணக்கில் பூட்டி வைத்துப் பாவித்திருப்பார். "பில்டர் எனக்குத் தந்தது" என்பார். ஆனால் பொது இடத்தை விற்க பில்டருக்கு உரிமை இருந்ததா?

2010 ஆகஸ்ட் 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், மும்பை தஹிசரில் உள்ள பாஞ்சாலி என்ற வீடமைப்புச் சங்கத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. தூண்களுக்கு இடையிலுள்ள வாகனத் தரிப்பிடம் தனி வீடு அல்ல, அது பொது இடம், அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்பதே தீர்ப்பு. வழக்கு வாகனத் தரிப்பிடம் பற்றியதானாலும், பொது இடம் எதுவென்ற வாதம் எழும்போதெல்லாம் சங்கங்கள் இதை எடுத்துக் காட்டுகின்றன. 2016 இல் வந்த 'ரெரா' என்ற வீட்டு ஆதனச் சட்டமோ பொது இடங்களின் பட்டியலில் மொட்டை மாடியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

கணக்கு எங்கே உதைக்கிறது?

ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். 20 வீடுகள், ஒவ்வொன்றும் 500 சதுர அடி. பில்டர் 30 வீதம் கூடுதலாகத் தர இணங்குகிறார். ஆளுக்கு 650 சதுர அடி. உச்சி மாடிக்காரருக்கு வீட்டோடு ஒட்டிய 400 சதுர அடி திறந்த மாடி உண்டு. அவர், "எனக்கு 900 சதுர அடி. 30 வீதம் கூட்டி 1,170 தாருங்கள்" என்கிறார். வித்தியாசம் 520 சதுர அடி. இது பழைய வீடு ஒன்றை விடப் பெரிது.

பில்டர் தன் பங்கிலிருந்து கொடுக்க மாட்டார். ஏனைய 19 பேரிடமிருந்து எடுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 27 சதுர அடி குறையும். யார்தான் சம்மதிப்பார்?

சங்கத்தின் வாதம் இது: வானம் பார்த்த மாடி, கட்ட அனுமதிக்கப்படும் பரப்பின் கணக்கில் சேர்வதில்லை. 'கார்பெட் ஏரியா' எனப்படும் உட்பரப்பிலிருந்தும் ரெரா சட்டம் திறந்த மாடியை நீக்கியிருக்கிறது. ஆகவே அறைக்கு அறை கொடுக்க முடியாது. வீட்டுக்காரரின் வாதம்: "நான் காசு கொடுத்து வாங்கியது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைச் சும்மா விட முடியாது." இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அதனால்தான் நடுவில் ஒரு வழி தேட வேண்டியிருக்கிறது. புதிய கட்டிடத்தில் மாடி ஒட்டிய வீட்டையே கொடுக்கலாம். மாடிப் பரப்பில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுக்கலாம். அல்லது பணமாகக் கொடுக்கலாம்.

தனி ஒருவர் தடுக்க முடியுமா?

இது கடினம். 2009 இல் மும்பை உயர் நீதிமன்றம், பொதுக்கூட்டத்தின் பெரும்பான்மைத் தீர்மானம் சிறுபான்மை அங்கத்தவர்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் 2009 இல் வெளியிட்டு 2019 ஜூலையில் திருத்திய வழிகாட்டல்களின்படி, கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு அங்கத்தவர்கள் வர வேண்டும், மொத்த அங்கத்தவர்களில் 51 வீதத்தினர் சம்மதிக்க வேண்டும். அந்தப் பெரும்பான்மை கிடைத்த பின், மாடிக்காக மட்டும் வீட்டைக் காலி செய்ய மறுப்பவர் வேலையைச் சிறிது காலம் தாமதப்படுத்தலாம், நிறுத்துவது அரிது. நஷ்டஈடு கேட்கும் உரிமை வேறு, கட்டிடத்தைத் தடுக்கும் உரிமை வேறு.

ஆகவே, அப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பதிவு செய்த ஒப்பந்தத்தில் மாடி எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். மாநகர சபை அங்கீகரித்த வரைபடத்தோடு அது பொருந்த வேண்டும்.

2. அனுமதியின்றிக் கட்டிய அறைக்கும் கூரைக்கும் பதில் பரப்பு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

3. பில்டரைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு முன்னரே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்ட அறிக்கையில் பதியச் செய்யுங்கள்.

4. தருவதாகச் சொன்னதைப் புதிய வீட்டுக்கான ஒப்பந்தத்தில் அளவோடும் இலக்கத்தோடும் எழுதி, பதிவு செய்த பின்னரே சாவியைக் கொடுங்கள்.

5. புதிய கட்டிடத்தின் உச்சி மாடியை பில்டர் யாருக்கும் தனியாக விற்கக் கூடாது என்பதைச் சங்கம் தன் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சண்டை புதிய கட்டிடத்திலும் தொடங்கும்.

நம் நாட்டில் தொடர்மாடிகளுக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நடைமுறை வேறு. ஆனால் எது தனி வீடு, எது பொதுப் பகுதி என்பதைப் பதிவு செய்த வரைபடம் காட்ட வேண்டும் என்பது இங்கும் உண்டு. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ "மேல் மாடியும் உங்களுக்குத்தான்" என்று சொல்லி வீடு விற்பவரிடம், அந்த வரைபடத்தில் அதைக் காட்டும்படி கேளுங்கள். அதைச் சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிப்பித்த பிறகு முற்பணம் கட்டுவதே புத்திசாலித்தனம்.